பழியைக் குளிர்மேல் போடாதீர்கள்

டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருக்கும் பைக் பட்டறைகளில் ஒரே தீர்ப்புதான். காலையில் ஸ்டார்ட் ஆகிறது, உடனே அணைகிறது, மறுபடி செல்ஃப் போட்டால் பிடிக்கிறது, ஆக்ஸிலேட்டரை விட்டதும் மறுபடி அணைகிறது என்று யார் வந்து நின்றாலும், வண்டியைத் தொடுவதற்கு முன்பே மெக்கானிக் சொல்லிவிடுகிறார்: "தண்டா போடேச்சே, தாதா." குளிர் இறங்கிவிட்டதாம். அடுத்து ஸ்க்ரூடிரைவர் வருகிறது. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ, அதாவது ஐடில் ஸ்க்ரூ, அரைச் சுற்று உள்ளே போகிறது. வண்டி உரக்க ஓடுகிறது. காசு கை மாறுகிறது. வந்தவரும் குறை தீர்ந்ததென்று கிளம்பிவிடுகிறார்.

இது மெக்கானிக்குகளின் கருத்து மட்டுமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை. செக்டர் ஃபைவ் ஆபீஸ் பார்க்கிங்கில் கேட்டாலும் இதே பதில். டீக்கடையில் கேட்டாலும் இதே பதில். குளிர்காலத்தில் வண்டி அப்படித்தான் இருக்கும், பத்து நிமிஷம் ரேஸ் கொடுத்துச் சூடாக்கு, ஐடிலை ஏற்றி வை, பிப்ரவரி வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். படித்தவர், பாமரர், வங்காளி, தமிழர் எல்லாருக்கும் இதில் ஒரே மனம். நம் மார்கழிதான் இவர்களுக்குப் பௌஷம். மார்கழி பிறந்ததும் மங்கி கேப் மாட்டிக்கொள்ளும் ஊரில் எல்லாப் பழியும் குளிர்மேல் விழுவது எளிது.

இந்தத் தீர்ப்பு தவறு. நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் கொல்கத்தாக் குளிருக்கு அணையாது. அணைந்தால் வண்டியில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. பெரும்பாலும் அது நூறு இருநூறு ரூபாயில் சரிசெய்யக்கூடியது. ஐடிலை ஏற்றுவதும் ரேஸ் கொடுப்பதும் அந்தக் கோளாறை மூடி மறைக்கின்றன. மூடி மறைப்பதன் செலவைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பைக்கை நம்பிப் பிழைக்கும் சாப்பாட்டு டெலிவரிப் பையன்களும் பைக் டாக்ஸி ஓட்டுபவர்களும் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் குளிர் எவ்வளவு என்று பார்ப்போம். ஜனவரியில் கொல்கத்தாவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டியது. சில நாள் 11, 12 வரை இறங்கும். இதே மாநிலத்தின் வடகோடியில் டார்ஜிலிங் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே இரண்டு மூன்று டிகிரி சாதாரணம். ஊட்டியில் புல்மேல் உறைபனி படிகிறது. அங்கெல்லாம் ஓடுவதும் இதே ஸ்ப்ளெண்டர், இதே பல்சர், இதே அப்பாச்சிதான். ஊட்டிக்கென்று தனி கார்ப்பரேட்டர் யாரும் செய்து விற்கவில்லை. அங்கே காலையில் சோக்கை இழுத்து உதைத்தால் வண்டி பிடிக்கிறது, கொஞ்ச தூரம் போனதும் சோக்கை மூடிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு டிகிரியில் ஓடும் வண்டி பதின்மூன்று டிகிரியில் அணைகிறது என்றால் அதற்குக் குளிரைக் காரணம் காட்டுவது எப்படி நியாயம்? பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டிய குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடிய பொருள். அதன் கணக்கில் சால்ட் லேக்கின் பௌஷ மாதம் வெயில் காலத்தோடு சேர்ந்ததுதான்.

குளிருக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கார்ப்பரேட்டரிலிருந்து புறப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி வழியிலேயே குழாய்ச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் துளியாக ஒட்டிக்கொள்கிறது. பிளக்கின் நுனிக்கு வந்து சேரும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கலப்பில்லாத பெட்ரோலில் ஒரு பங்கு முழுசாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆறிய எஞ்சினுக்கு இதைவிடப் பெட்ரோல் கூடிய கலவை கொடுத்தால்தான் ஆவியாக வந்து சேர்வது போதுமானதாக இருக்கும். அதற்காகத்தான் சோக். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ அது கூடுதல் பெட்ரோலைத் தரும். எஞ்சின் சூடு பிடித்ததும் அதன் வேலை முடிந்தது. குளிரின் பங்கு இவ்வளவுதான். சோக் போட்டும் அணைகிறது, சோக்கை எடுத்து நெடுநேரமாகியும் அணைகிறது என்றால், ஏற்கெனவே பெட்ரோல் குறைந்து கலவை வறண்டு கிடந்திருக்கிறது. மே மாதத்து 36 டிகிரியில் அந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்தது, டிசம்பர் காட்டிக்கொடுத்துவிட்டது.

கலவையை வறளவைத்தது யார்? இங்கேதான் நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். அன்றிலிருந்து இந்தியாவில் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி மைலேஜ் எவ்வளவு என்பதுதான். அதில் தவறில்லை, பெட்ரோல் விலை அப்படி. ஆனால் சர்வீஸுக்கு விடும்போது "மைலேஜ் செட் பண்ணிடுங்க" என்று சொல்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பட்டறையில் என்ன நடக்கிறது தெரியுமா? கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகி, ஐடில் கலவையில் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே அதைச் செய்வதால் வண்டி அணையாமல் ஓடுகிறது, நாமும் நம்பி எடுத்துவருகிறோம். புகைச் சான்றிதழ் வாங்கும்போதும் இதே கதை. இரு சக்கர வண்டிகளின் புகையை ஐடிலில் வைத்துத்தான் அளக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடு கூடினால் ஏர் ஸ்க்ரூவில் கை வைப்பது சுலபமான வழி. தொழிற்சாலையில் அளந்து வைத்த இடத்திலிருந்து அந்த ஸ்க்ரூ எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. நாமே வறளவைத்த கலவைக்குக் குளிரைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

ஐடில் ஸ்க்ரூவுக்கும் ஏர் ஸ்க்ரூவுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிட்டால் இந்த வைத்தியத்தின் ஏமாற்று புரிந்துவிடும். ஆக்ஸிலேட்டர் முழுசாக மூடியிருக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது பைலட் ஜெட் என்ற மிகச் சிறிய பித்தளைத் துண்டு. சிறு வண்டிகளில் அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்ரோல் வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படியும். முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். அது அடைபட்டால் வண்டி ஐடிலில் நிற்காது. அப்போது ஐடில் ஸ்க்ரூவை ஏற்றினால் என்ன ஆகிறது? அது த்ராட்டிலைச் சற்றுத் திறந்தே வைக்கிறது. பைலட் ஜெட்டைத் தாண்டி அடுத்த பாதையிலிருந்து பெட்ரோல் வரத் தொடங்குகிறது. வண்டி ஓடுகிறது, அடைப்பு அப்படியே இருக்கிறது. தலைவலிக்காரனுக்குத் தலையணையை மாற்றிப் போட்ட கதை.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு ஐடில் வேகம் நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் இருக்க வேண்டும். அதை இரண்டாயிரத்துக்கு ஏற்றி வைத்தால் ஆறிய காலையில் முதல் கியர் போடும்போது 'டக்' என்று வண்டி எகிறும். நடுப்பகலில் எஞ்சின் சூடானதும் அதே ஸ்க்ரூ நிலையில் வேகம் இன்னும் கூடும். உல்டாடாங்கா நெரிசலில் நின்றபடியே பெட்ரோல் எரியும், எஞ்சின் கொதிக்கும். மைலேஜுக்காகக் கலவையைக் குறைத்தவர், அதனால் அணையும் வண்டியை ஓட வைக்க ஐடிலை ஏற்றி, மிச்சம் பிடித்த பெட்ரோலை அங்கே கொட்டுகிறார்.

அணைகிற இடமும் கவனிக்கத்தக்கது. ஹூக்ளி ஆற்றின் வண்டலை எடுத்துச் சதுப்பு நிலத்தை நிரப்பும் வேலை 1962-ல் தொடங்கியது; யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் வரைந்த திட்டப்படி எழுந்த நகரம் சால்ட் லேக். தெருக்கள் அகலம், சந்திகளில் வட்டமான ஐலேண்டுகள். பிளாக்குக்குள்ளிருந்து புறப்பட்ட வண்டி இன்னும் சூடேறாத நிலையில் முதல் ஐலேண்டுக்கு வந்து சேர்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைக்கிறீர்கள். அந்தக் கணத்தில் எஞ்சின் முழுக்கப் பைலட் ஜெட்டையே நம்பியிருக்கிறது. அது அடைபட்டிருந்தால் வளைவின் நடுவில் வண்டி அணைகிறது. பின்னால் பஸ். காலை ஆறு மணி மூடுபனியில் கருணாமயி பக்கம் இப்படி அணைந்த வண்டியைக் காலால் தள்ளி ஓரம் கட்டும் பையன்களைப் பார்த்தவர்கள், குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

நம்மூரிலிருந்து இங்கே வந்த வண்டிகளின் கதை தனி. செக்டர் ஃபைவில் வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஊரில் ஓட்டிய பைக்கையே ரயிலில் வரவழைக்கிறார்கள். பார்சல் ஆபீஸில் டேங்கில் பெட்ரோலோடு வண்டியை ஏற்ற மாட்டார்கள். ஒட்டக் காலி செய்து, கோணி சுற்றி அனுப்ப வேண்டும். ஹவுராவில் இறக்கும்போது டேங்க் காய்ந்திருக்கும், அடியில் கிடந்த துருவும் மண்ணும் அசைந்து புதுப் பெட்ரோலோடு கீழே இறங்கத் தயாராக இருக்கும். இன்னொன்று, சென்னையில் ஓடிய வண்டிக்குச் சோக் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே ஜனவரியிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான். வருஷக்கணக்கில் தொடாத சோக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகிக் கிடக்கும்.

என் அலுவலக நண்பரின் 125 சிசி வண்டி அப்படித்தான் வந்தது. திருநெல்வேலிக்காரர். முதல் குளிர்காலத்தில் பட்டறை பட்டறையாக அலைந்தார். போன இடத்திலெல்லாம் ஐடிலை ஏற்றினார்கள், ஒருவர் புதுப் பிளக் போட்டார், இன்னொருவர் பேட்டரியைத் தலையில் கட்டப் பார்த்தார். கடைசியில் உல்டாடாங்காவிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தார். குளிர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. முதலில் சோக் நெம்புகோலைத் தட்டிவிட்டு, கார்ப்பரேட்டரிலிருந்து கேபிளைக் கழற்றினார். மேலே நெம்புகோல் அசைந்தது, கீழே கேபிள் நுனி அசையவே இல்லை. பிறகு கார்ப்பரேட்டரின் அடியில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தினார். வந்த பெட்ரோல் தெளியக் கொஞ்ச நேரம் வைத்தார். அடியில் செங்கல் பொடி நிறத்தில் துரு, அதற்கு மேல் பெட்ரோலோடு சேராமல் உருண்டு நின்ற இரண்டு மூன்று தண்ணீர் முத்துகள். பைலட் ஜெட்டைக் கழற்றி டியூப் லைட்டை நோக்கிப் பிடித்து நண்பரிடம் நீட்டினார். நல்ல ஜெட் என்றால் நடுவில் ஒளிப்புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். அதில் பச்சை கலந்த பழுப்புப் படிவம்தான் தெரிந்தது.

"அண்ணே, இதுக்குத்தானா இத்தனை நாள் அலைஞ்சேன்?" என்று நண்பர் என்னைப் பார்த்தார்.

கம்பியால் குத்தலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் கையை ஆட்டி மறுத்தார். பித்தளை மெத்தென்றது, எஃகுக் கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த ஜெட் எதற்கும் உதவாது. கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி வெளிச்சத்தில் பார்த்து, ஒளிப்புள்ளி தெரிந்த பிறகுதான் மாட்டினார். புது ஜெட் போட்டிருந்தாலும் இந்த ஊரில் ஒரு பிளேட் பிரியாணிக்கு ஆகும் காசுதான். கேபிளை மாற்றினார். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன சுற்றுக்கு வெளியே எடுத்து வைத்தார். யாரோ ஏற்றி வைத்திருந்த ஐடிலைக் கீழே இறக்கினார். மறுநாள் விடியற்காலையும் அதே மூடுபனி, அதே 13 டிகிரி. வண்டி சோக்கில் பிடித்தது, முதல் ஐலேண்டில் அணையவில்லை.

எல்லா வண்டிக்கும் இதே கோளாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி எப்படி அணைகிறது என்று கேட்டாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. சோக் போட்டிருக்கும்வரை ஓடி, எடுத்ததும் அணைந்தால், எஞ்சின் சூடேறிய பிறகும் அப்படியே இருந்தால், கலவை வறண்டிருக்கிறது: ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் பாருங்கள், கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். அந்த விரிசல் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை. சோக் போட்டால் கறும்புகை வந்து அணைந்தால், பிளக்கைக் கழற்றினால் கறுத்து ஈரமாக இருந்தால், அதற்கு நேர்மாறான நோய். சோக் முழுசாக மூடவில்லை அல்லது ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறது. ஆறிய எஞ்சின் உதைக்க உதைக்கப் பிடிக்காமல், ஒருமுறை சூடாகிவிட்டால் ஒழுங்காக ஓடினால் டேப்பெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சிறு வண்டிகளில் டேப்பெட் இடைவெளி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் அளவில்தான். அது இறுகிப்போனால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஃபீலர் கேஜ் என்ற தகட்டை நுழைத்துப் பார்க்கும் வேலை அது, காதால் கேட்டுச் சொல்லும் வேலை இல்லை. 10டபிள்யூ-30 ஆயில் போடச் சொன்ன வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுபவர்களும் உண்டு. காலையில் எஞ்சின் திணறுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

பிளக்கை மாற்றச் சொல்பவர்களிடம் சண்டையில்லை. தேய்ந்த பிளக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய பிளக்கைத் தூக்கி எறியும் முன் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டாமா? வெளிறிப்போயிருந்தால் கலவை வறட்சி, கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காபித்தூள் நிறம் என்றால் நலம். எஞ்சின் தன் நோயை அதில் எழுதிக் கொடுத்திருக்கிறது. படிக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினால் இரண்டு வாரத்தில் அதுவும் அந்த நிறத்துக்கு வந்துவிடும்.

பத்து நிமிஷம் நிறுத்தி வைத்து ரேஸ் கொடுக்கும் வழக்கம் இந்தத் தவறான கருத்தின் மோசமான பிள்ளை. ஆறிய எஞ்சினில் ஆயில் இன்னும் மேலே ஏறிப் பரவியிருக்காது. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் உலோகம் உலோகத்தோடு உரசும். சோக்கைப் போட்டபடியே நெடுநேரம் ஓடவிட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். நின்ற இடத்தில் எஞ்சினுக்கு வேலை இல்லாததால் சூடேறுவதும் மெதுவாகத்தான். அரை நிமிஷம் ஓடவிட்டு, மெதுவாக ஓட்டிப் போனால் சீக்கிரம் சூடேறும், தேய்மானமும் குறைவு. அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பத்து நிமிஷம் புகை விடுவதால் மேலே முதல் மாடியில் தூங்கும் குழந்தை எதைச் சுவாசிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு இப்போது ஒரு புதிய வாதத்தைக் கையில் எடுத்திருக்கிறது: எல்லாம் எத்தனாலால் வந்த வினை. இதில் உண்மை இருக்கிறது, அதனால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். 2022-ல் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதமாகிவிட்டது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுக்கும். தனி எத்தனால் சுமார் 13 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் ஆவியே போதுமான அளவு விடாது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 பங்கு போதும். பழைய அளவிலேயே ஜெட் வைத்திருக்கும் கார்ப்பரேட்டர் வண்டிக்கு இதனால் கலவை கிட்டத்தட்ட 8 சதவீதம் வறண்டுவிடுகிறது. மைலேஜுக்காக ஏற்கெனவே வறளவைத்த வண்டியை இது விளிம்பிலிருந்து தள்ளிவிடும். தண்ணீர் விஷயத்திலும் எத்தனால் மோசம். ஈரத்தை ஓரளவு தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், குளிரில் அந்த அளவு இன்னும் சுருங்கும். கிழக்கே சதுப்பு நிலம், மழைக்காலம் முழுக்கத் தேங்கும் தண்ணீர், பூஜை விடுமுறையில் அரை டேங்க் பெட்ரோலோடு நின்றுகிடக்கும் வண்டி என்ற இந்த ஊர்ச் சூழலில் இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை.

ஆனால் இவ்வளவும் சொன்ன பிறகு பிரேசிலைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் என்று விற்பதிலேயே கால் பங்குக்கு மேல் எத்தனால். தனி எத்தனாலில் ஓடிய கார்களுக்குக் குளிர்காலக் காலையில் பிடிக்காத சிக்கல் உண்மையாகவே இருந்தது. அதற்கு அவர்கள் குளிரைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் பெட்ரோல் வைக்க எஞ்சின் பக்கத்தில் ஒரு குட்டி டேங்க் பொருத்தினார்கள், பிறகு எத்தனாலைச் சூடாக்கிச் செலுத்தும் முறைக்குப் போனார்கள். 2009-ல் ஹோண்டா அங்கே இரண்டு எரிபொருளிலும் ஓடும் சிஜி 150 டைட்டன் மிக்ஸ் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. குளிர் 15 டிகிரிக்குக் கீழே போனால் டேங்கில் ஐந்தில் ஒரு பங்காவது பெட்ரோல் இருக்கட்டும் என்று வாங்குபவரிடமே சொல்லி விற்றார்கள். எரிபொருளுக்கு ஏற்ப வண்டியைத் திருத்தினால் வண்டி ஓடுகிறது. நம் ஊரில் எரிபொருளை மாற்றினோம், பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்காரனிடம் ஜெட்டையோ ஏர் ஸ்க்ரூவையோ திருத்திக்கொள் என்று பெட்ரோல் பங்கில் ஒரு போர்டுகூட வைக்கவில்லை. எத்தனாலைக் குறை சொல்பவர்கள் இந்த இடத்தில் கோபப்பட்டால் நானும் அவர்களோடு நிற்பேன். எத்தனால்தான் காரணம், ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் கையை விரித்தால் நிற்க மாட்டேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் இருக்காது, ஃப்யூல் இன்ஜெக்ஷன். "கம்ப்யூட்டர் வண்டிக்கு எல்லாம் தானாக நடக்கும், அணைந்தால் குளிர்தான்" என்று அங்கும் அதே பல்லவி. தானாக நடப்பதற்கும் சிலவற்றின் தயவு வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரு வெப்ப சென்சார். அது பொய் சொன்னால் கூடுதல் பெட்ரோல் வராது. சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கலவையைத் திருத்தும், ஆனால் தான் சூடான பிறகே திருத்தும். முதல் நிமிஷத்துக்கு அதன் உதவி கிடைக்காது. த்ராட்டில் பாடியின் ஐடில் வழியில் கரி படிந்தால் ஐடிலுக்கு வேண்டிய காற்று வராது. பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், அதே நேரத்தில் பம்ப் அழுத்தம் தராது. சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து பம்பின் ரீங்காரம் இரண்டு மூன்று விநாடி கேட்கும்; அது நிற்கும்வரை பொறுத்துப் பிறகு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்து சாவியையும் ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் அழுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இவற்றில் எதற்கும் குளிர் பொறுப்பில்லை.

மெக்கானிக்குகளைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்துப் பத்து நிமிஷத்தில் வண்டி வேண்டும் என்று தலைமேல் நிற்பவனுக்குக் கார்ப்பரேட்டரை இறக்கிக் கழுவிக் கொடுக்க முடியாது. அந்த வேலைக்கு ஒரு மணி நேரம் வேண்டும், அதற்கு உரிய கூலி வேண்டும். உல்டாடாங்காப் பெரியவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நாம் கேட்பது ஐடில், அவர்கள் கொடுப்பதும் ஐடில்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வண்டி காலையில் அணைந்தால் பட்டறையில் இதை மட்டும் சொல்லுங்கள்: "தாதா, ஐடிலைத் தொடாதீங்க. கிண்ணத்தைக் கழற்றுங்க, பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் எனக்குக் காட்டுங்க, சோக் கேபிள் கீழே வரை இழுக்குதான்னு பாருங்க." இன்ஜெக்ஷன் வண்டி என்றால் பேட்டரியையும் த்ராட்டில் பாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசும் கொடுங்கள். அப்போதும் அவர் குளிர் என்றே சொன்னால், வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.